பச்சையைக் கண்டு பயந்தவர்

"எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று வாய்விட்டுச் சொன்ன ஆண்பிள்ளையை அவருக்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. எங்கள் குப்பத்து ஆண்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடல் பொங்கினால் "இன்னிக்கு உடம்பு ஒரு மாதிரியா கீது" என்பார்கள். அலை சுவர் மாதிரி எழுந்தால் "வலை கிழிஞ்சிருக்குது, தைக்கணும்" என்று மணலில் உட்கார்ந்துகொள்வார்கள். என் நைனாவின் படகு ஒருமுறை கவிழ்ந்து, பாதி வழி நீந்தி வந்தார். வீட்டுக்குள் நுழைந்து, "தண்ணி கொஞ்சம் ஆட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு கேட்டார்.

அவர் அப்படி இல்லை. காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும்போதே சொல்வார். யாராவது புதுப் போன் வாங்கினேன் என்று காட்டினால் அதற்கும் சொல்வார். மீன் குழம்பு கொடுத்தால் முள்ளுக்குப் பயந்து ஒவ்வொரு துண்டையும் பிய்த்துப் பிய்த்து வெளிச்சத்தில் பார்த்துச் சாப்பிடுவார். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகும் அவர் தட்டில் பாதிச் சோறு இருக்கும்.

சொந்த ஊர் காட்டூர். நெல் விளைவிக்கிற குடும்பம். சென்னையில் சில வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பியவர். மீனவர்களுக்குக் காற்று எச்சரிக்கை சொல்வதற்காக ஒரு சின்னத் தொண்டு அமைப்பு பழவேற்காடு பஜாரில் ஐஸ் கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தது. ப்ரோகிராம் எழுத அவர். பொன்னேரியில் பி.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான் அதைச் சோதித்துப் பார்க்கவும், குப்பத்துக்காரர்களிடம் பேசவும். எங்கள் இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஆனாலும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். அவர் கடைசிவரை என்னை 'நீங்க' என்றார்.

பஜாரிலிருந்து கடலோரக் குப்பங்களுக்குப் போக ஏரிமேல் உள்ள பாலத்தைக் கடக்க வேண்டும். காற்று கொஞ்சம் பலமாக இருந்தால் பைக்கிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அவரைத் தாண்டிக்கொண்டு போகும்.

"விழுந்தா இன்னா ஆயிடும்ணா? இடுப்பளவு தண்ணிதான்."

"விழுவேன்னு இல்லைங்க. விழலாம்கறதே எனக்குப் போதும்."

அந்த ப்ரோகிராமைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு படகும் அதில் ஒரு ஆப்ஜெக்ட். அதற்குள் படகுக்காரர் பெயர், போன் நம்பர், எந்தக் குப்பம், எத்தனை பேர் போவார்கள் என்பதெல்லாம் இருக்கும். படகுக்காரர்கள் போனில் எங்கள் ஆப் வழியாகத் தாங்களே சேர்ந்துகொள்ளலாம். அந்த ஆப்ஜெக்ட்டுகளை எல்லாம் ஒரு மேப்பில் போட்டு வைத்திருந்தோம். மேப் என்றால் ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைப்பது. ஒரு பக்கம் சாவி, மறுபக்கம் அந்தச் சாவிக்கு உரிய பொருள். காற்று எச்சரிக்கை வந்தால் ப்ரோகிராம் மேப் முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வரும். ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, அதில் இருக்கிற நம்பருக்குப் போன் அடிக்கும். கரைக்குப் பக்கத்தில் மீன் பிடிக்கிறவர்களுக்கு டவர் கிடைத்துவிடும். போனை எடுத்து ஒன்றை அழுத்தினால் திரையில் அந்தப் படகின் பெயர் பச்சையாகும். எடுக்காவிட்டால் சிவப்பு. சிவப்பில் இருப்பவர்களை நாங்களே மறுபடி மறுபடி கூப்பிடுவோம். கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கிற படகுக்குச் சொல்லி அனுப்புவோம்.

எழுதுவதற்கு நாலு வரிதான் அந்தச் சுற்று, லூப் என்போம். அந்த நாலு வரிக்கு அவர் பயந்த மாதிரி நான் பாம்புக்குக்கூடப் பயந்ததில்லை.

"இது எந்த வரிசையில சுத்தும்னு நம்மளால சொல்ல முடியாதுங்க. ஒரு புதுப் படகு சேர்ந்தா வரிசை மாறிப் போகலாம். வரிசையே தெரியாதது எல்லாரையும் தொட்டுச்சுன்னு எப்படி நம்பறது?"

"தொடும்ணா. அதுக்குத்தானே லூப்பு."

"உள்ள இருக்கறவங்களத் தொடும்" என்றார். அதை அவர் சொன்ன விதத்தை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

இன்னொரு நாள், ஒருவர் படகை விற்றுவிட்டார் என்று தெரிந்து, சுற்றின் நடுவிலேயே அந்தப் படகை மேப்பிலிருந்து எடுத்துவிடும்படி ஒரு வரி எழுதினேன். வெறும் சோதனைதான். அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சுத்திட்டு இருக்கும்போது உள்ள கை வைக்காதீங்க. அந்த இடத்துலயே நின்னுடும், மிச்சப் பேருக்குப் போன் போகாது" என்றார். நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். அவர் சொன்ன மாதிரியே நின்றது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் திட்டு.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இதுக்கு நான் பயப்படலீங்க. இது கத்துது பாருங்க. கத்தாம போறது ஒண்ணு இருக்கும்ல, அதுக்குத்தான்."

படகுகளுக்கு எதைச் சாவியாக வைப்பது என்று பேச்சு வந்தபோது, பதிவு எண்ணை வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். குப்பம் குப்பமாகப் போய்ப் பார்த்தோம். உப்புக் காற்றில் பாதிப் படகுகளில் எண் அழிந்து கிடந்தது. கேட்டால் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். எட்டு மூன்றாகும், ஒன்று ஏழாகும். அவருக்கு வியர்த்துவிட்டது. ஒரு எண் தப்பினால் ஒரு படகு போச்சே என்றார். கடைசியில் படகின் பெயரையே சாவியாக வைத்தார். பெயரை யாரும் மறக்க மாட்டார்கள், தப்பாகவும் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் அப்போது சேர்ந்திருந்த படகுகளில் ஒரு பெயர்கூட இரண்டு தடவை வரவில்லை. அதை அவர் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டுத்தான் செய்தார். பயந்து பயந்து, நன்றாக யோசித்துச் செய்த காரியம் அது.

ஐப்பசி மாதம். படகுகள் எல்லாம் விடியற்காலையிலேயே போய்விட்டன. காலை டீக்குப் பிறகு எச்சரிக்கை வந்தது. வாடைக் காற்று மதியத்துக்குள் பலமாகும், கடலில் இருப்பவர்கள் உடனே திரும்ப வேண்டும் என்று. அவர் உள்ளங்கைகளைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாகின. சிவப்பாக நின்ற இரண்டு பேரை நான் கூப்பிட்டேன். எடுத்தார்கள். அவர்களும் பச்சை.

"எல்லாரும் எடுத்துட்டாங்கண்ணா! ஒரு பேஜாரும் இல்ல."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாமே பச்சையா இருக்குது" என்றார். "எனக்குப் பயமா இருக்குதுங்க."

"சிவப்பா இருந்தாலும் பயம், பச்சையா இருந்தாலும் பயமா?"

"என்னிக்காவது இப்படி மொத்தமும் பச்சையா வந்திருக்குதா? யாராவது ஒருத்தர் போன் நனைஞ்சு கிடக்கும், சார்ஜ் இருக்காது. இன்னிக்கு மட்டும் எப்படி? வாங்க, கரைக்குப் போய்க் கண்ணால பாத்துட்டு வந்துடலாம்."

நான் முணுமுணுத்துக்கொண்டேதான் பைக்கில் ஏறினேன். பாலத்தில் காற்று பக்கவாட்டில் அறைந்தது. அன்றைக்கு அவர் இறங்கவில்லை.

எங்கள் குப்பத்துக் கரையில் பெண்கள் கூடி நின்றார்கள். ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தின் வழியாகப் படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. வானம் வடகிழக்கில் கறுத்திருந்தது. என் நைனா ஏற்கெனவே வந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார். மல்லிகா அக்கா மட்டும் தனியாக, தண்ணீர் காலில் படுகிற இடத்தில் நின்றிருந்தாள். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. அவள் புருஷனும் கொழுந்தனும் ஒரே படகில் போகிறவர்கள்.

"தம்பி, அவுங்களுக்குப் போன் போச்சா? எங்கிட்ட ஒண்ணும் பேசலியே."

அவர் தன் போனில் திரையைத் திறந்தார். படகின் பெயர் கங்கையம்மன் துணை. பச்சை.

"எடுத்துட்டாங்கக்கா. பாருங்க, பச்சையா இருக்குது. வந்துக்கிட்டு இருப்பாங்க."

அக்கா பெரிதாக மூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப போய் உலை வெக்கிறேன். பசியோட வருவாங்க" என்று வீட்டுக்குப் போனாள்.

அதற்குள் இன்னும் சில படகுகள் வந்தன. அவற்றில் ஒன்று புத்தம் புதிய ஃபைபர் படகு. பக்கத்துக் குப்பத்துக்காரருடையது, அலைக்குப் பயந்து எங்கள் கரையில் ஒதுங்கினார். முன்பக்கம் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்ததை நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படித்தோம். கங்கையம்மன் துணை.

என்னோடு நின்றிருந்த அவர் தண்ணீருக்குள் இறங்கிப் போனார். முழங்கால்வரை போனார். நான் பார்த்து அவர் அப்படிப் போனதில்லை.

"அண்ணே, எச்சரிக்கைப் போன் உங்களுக்கு வந்துச்சா?"

"வந்துச்சே. ஒண்ணை அமுக்கினேன். அதான் வந்துட்டோம். போன வாரம்தான் சார் உங்க ஆப்புல நானே போன்ல சேந்துக்கினேன், ரொம்ப உபயோகமா கீது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போது புரிந்துவிட்டது. மேப்பில் ஒரு சாவிக்கு ஒரு பொருள்தான் இருக்க முடியும். அதே சாவியில் இன்னொன்றைப் போட்டால் பழையது போய்விடும். கேள்வி கேட்காது, சிவப்பு எழுத்து வராது. புதுப் படகு சேர்ந்த நிமிஷமே மல்லிகா அக்கா புருஷனின் படகு மேப்பிலிருந்து போய்விட்டது. ஒரு வாரமாக அது எங்களிடம் இல்லை. காலையில் சுற்று ஒழுங்காக எல்லாரையும் தொட்டது. உள்ளே இருந்தவர்களை.

அவர் மணலில் ஓடினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்ததை எடுக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. அவங்களுக்குப் போன் போகல. அதே பேர்ல வேற படகு. அது எடுத்ததை நான் உங்களுதுன்னு காட்டிட்டேன். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

ஒரே மூச்சில் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. அக்கா அவரையே பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு கரைக்கு ஓடினாள். அந்த ஓட்டத்தில் அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

நைனாவும் இன்னும் இரண்டு பேரும் படகைத் திருப்பினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. முகத்துவாரத்தில் படகின் மூக்கு மேலே எழுந்து, ஒரு கணம் ஆகாயத்தைப் பார்த்து நின்று, அந்தப் பக்கம் விழுந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அக்காவிடம் நம்பரை வாங்கித் தன் போனிலிருந்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. மறுபடி. கிடைக்கவில்லை. மழை ஆரம்பித்தது. போனை மார்போடு அணைத்துக் குனிந்து மறைத்துக்கொண்டு அடித்தார். ஒருமுறை எடுத்தார்கள்.

"வந்துடுங்க! காத்து வருது, உடனே வந்துடுங்க!"

அந்தப் பக்கத்திலிருந்து கொழுந்தன் கத்தியது எனக்கும் கேட்டது. "எங்களுக்கு ஒண்ணும் வரலியே! வரலன்னுதான் இன்னொரு இழுப்பு வலை போட்டோம்!"

லைன் போய்விட்டது. 'வரலன்னுதான்' என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் பிறகு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வலையை வெட்டி விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. கரையில் நின்று பார்த்தோம். ஒரு கறுப்புத் தலை தெரிந்தது, இன்னொன்று தெரியவில்லை. நைனாவின் படகு நடுவில் புகுந்தது மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு மழையில் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் பக்கத்தில் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, அடி வாங்கக் காத்திருப்பவர் மாதிரி நின்றிருந்தார்.

இரண்டு பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். கொழுந்தனுக்குச் சிராய்ப்புதான். அக்கா புருஷனின் கால் கவிழ்ந்த படகுக்கும் முகத்துவாரத்துக் கரைக்கும் நடுவில் மாட்டி முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது. பொன்னேரிக்கு, அங்கிருந்து சென்னைக்கு. கால் பிழைத்தது. ஆனால் ஆடுகிற படகில் ஊன்றி நிற்கிற கால் அது இல்லை என்றாகிவிட்டது.

குப்பத்துப் பஞ்சாயத்தார் எங்களைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்பே அமைப்பை நடத்துகிறவர் போனில், "டவர் கோளாறுன்னு சொல்லிடுங்க, நம்பிடுவாங்க" என்று சொல்லியிருந்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். நம்பியும் இருப்பார்கள். கோயில் முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

"டவர் மேல தப்பில்லைங்க. நான் எழுதினதுதான். பேரைச் சாவியா வெச்சது நான். ஒரே பேர்ல ரெண்டு படகு வந்தா முதல்ல இருந்தது போயிடும்னு தெரிஞ்சும், வராதுன்னு நெனச்சேன்."

ஒரு பெரியவர் புரியாமல் கேட்டார். "இன்னாபா இது? எங்க குப்பத்துல தேசப்பன்னு மட்டும் ஏழு பேரு கீறான். உன் கணக்குல ஆறு பேரு செத்துட்டானா?"

"ஆமாங்க" என்றார். "அப்படித்தான் எழுதிட்டேன்."

ஒருவன் எழுந்து வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார், கையை எடுக்கச் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து மல்லிகா அக்காவின் குரல் வந்தது.

"விடு அவர. அடிச்சுப் போட்டுட்டா அத யாரு சரி பண்றது? நீ பண்ணுவியா?"

அது மன்னிப்பு இல்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி செய்தார். ஒவ்வொரு படகுக்கும் ப்ரோகிராமே ஒரு எண் கொடுத்தது, அதுதான் சாவி. பெயர் ஆப்ஜெக்ட்டுக்குள் போனது. இருக்கிற சாவியில் வேறு படகைப் போட வந்தால் ப்ரோகிராம் அப்படியே நின்று கத்தும். கத்துகிறதா என்று பார்க்க வேண்டுமென்றே தப்பாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்ப எல்லாக் குப்பத்துக்கும் நடந்து, படகு படகாகத் தொட்டு, திரையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தோம்.

கவிழ்ந்த படகைப் பழுது பார்த்துக் கொழுந்தன் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்ததும் மல்லிகா அக்கா எங்கள் அறைக்கு வர ஆரம்பித்தாள். பஜாரில் மீன் விற்றுவிட்டு, கூடையை இடுப்பில் வைத்தபடி மாடிப்படி ஏறி வருவாள். உள்ளே வர மாட்டாள். வாசலில் நிற்பாள்.

"எங்க படகு உள்ள கீதா?"

"இருக்குதுக்கா."

"காட்டு."

அவர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்புவார். அவள் பெயரைப் பார்ப்பாள், கொழுந்தன் நம்பரை உதடசைத்துப் படிப்பாள், போய்விடுவாள். உட்காரக்கா என்றாலும் உட்கார மாட்டாள். கொழுந்தன் கடலுக்குப் போகாத நாளிலும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்காகவே அவர் அறையைத் திறந்து வைத்தார். அவள் காலடி படியில் கேட்டதும் அவர் முதுகு நிமிரும், நெற்றியில் வியர்க்கும். ஆனால் ஒரு நாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. நான் ஒருமுறை, "நேத்துதானே பாத்தீங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு, "அப்படிச் சொல்லாதீங்க. அவங்க பாக்கணும்" என்றார்.

வாடை போய்த் தை மாதமும் முடிந்தது. ஒரு நாள் அக்கா வரவில்லை. மதியம்வரை பார்த்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மூன்று தடவை எழுந்து போய்ப் படியைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு பைக் சாவியை எடுத்தார். நானும் கிளம்பினேன். அவள் வீட்டில் என்னவோ ஆகிவிட்டது என்றுதான் எனக்கும் தோன்றியது.

அக்கா மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து காக்கா விரட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவள் பதறி எழுந்தாள்.

"இன்னா தம்பி? காத்து வருதா? அவன் கடலுக்குப் போயிருக்கானே!"

"இல்லக்கா, ஒண்ணும் இல்ல. இன்னிக்கு நீங்க வரல. அதான்."

அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவரைப் பார்த்து அவள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"அட, அதுக்கா இவ்ளோ தூரம் வந்தே? தெனம் இன்னாத்தப் பாக்கறது, தம்பி. அது உள்ளதான் இருக்கும். நீ பாத்துக்க மாட்டியா?"

உள்ளே போய் ஒரு கை கருவாட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தெருமுனையில், மணலில் ஏற்றி வைத்திருந்த படகுகளுக்குப் பக்கத்தில் வந்ததும், "பாத்தீங்களாண்ணா, அக்கா மனசு ஆறிடுச்சு" என்றேன். திரும்பிப் பார்த்தால் அவர் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். பொட்டலம் மடியில் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னாச்சுண்ணா? நல்லதுதானே நடந்திருக்குது."

"இத்தனை நாளா அதை ரெண்டு பேரு பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். "இனிமே நான் ஒருத்தன்தான்."

மழைக்குள் போனை அணைத்துக்கொண்டு நின்ற அன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்தார், சட்டையில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டவில்லை. கொழுந்தனின் நம்பரை மனப்பாடமாக முணுமுணுத்துக்கொண்டே பைக்கை நோக்கி வேகமாக நடந்தார்.